வலது கீழே, இடது மேலே

என் நாத்தனாரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவள் நான்தான். நேரில் பார்த்தால் "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி" என்பேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் இது என் வாய், என் பேச்சு. இங்கே அவள் அவள்தான்.

அவள் பேசும் பேச்சில் பாதி ஒரே வார்த்தை. செருப்பு. எங்களுக்குச் செருப்புக்கடை இருப்பதால் அந்தப் பழக்கம் வந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் கடைக்குள் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. அது என் மாமனார் போட்ட சட்டம். "காசு குடுக்க வந்தவன் காதுல அது விழக் கூடாது. சண்டைக்கு இழுத்த மாதிரி இருக்கும்" என்பார். ஆகவே நாங்கள் மாடல் என்போம், ஜோடி என்போம், ஐட்டம் என்போம். இவள் ஒருத்தி மட்டும் அந்தச் சட்டத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பாள்.

நான் முதல்முதலாகக் கடைக்கு வந்த அன்று அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். "ஏழு போட வேண்டிய காலை ஆறுல திணிச்சு வச்சிருக்கா. அழகு காட்டுறாளாம். பாத்துக்கிட்டே இருங்க, இது குடும்பத்துக்கே செருப்புக்கடிதான்" என்றாள். நான் புதுப்பெண். பட்டுப்புடவையோடு நிற்கிறேன். கடையில் வேலை பார்த்த இரண்டு சேல்ஸ்மேன்களும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர். "செருப்புக்கடி வந்துட்டாளா? பில்லு போடச் சொல்லு" என்று இன்றைக்கும் கேட்பாள்.

கடை இருக்கும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். பழைய கட்டடம். கீழே தெருவைப் பார்த்த ஹால், கண்ணாடி அலமாரிகள், வாசலோரம் கல்லா. பின்சுவரை ஒட்டி ஒரு மரப்படி. அந்தப் படி பாதியில் திரும்பும். திரும்புகிற இடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரும் அளவுக்கு ஒரு நடுத்தட்டு, அதை ஒட்டித் தாழ்வாக ஓர் அறை. மாமனார் மத்தியானத்தில் அங்கேதான் தலையைச் சாய்ப்பார். அதற்கு மேலே மிச்சப் படி, மேலே குடோன். குடோனுக்குப் போக வேறு வழி கிடையாது.

நான் வருவதற்கு முன்னால் ஒருத்தன் கடையில் புது ஜோடியை மாட்டிக்கொண்டு, "நடந்து பாக்குறேன்" என்றானாம். கண்ணாடி வரை நடந்தான். வாசல் வரை நடந்தான். தெருமுனை வரை நடந்தான். இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறான். அவன் விட்டுவிட்டுப் போன பிய்ந்த ஜோடியை மாமனார் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து கடையில் இருக்கும் அத்தனை சரக்கிலும் வலது கால் கீழே, இடது கால் மேலே. எவன் களவாடினாலும் ஒரு காலோடு போகட்டும் என்று. மற்ற கடைகளில் அலமாரியில் மட்டும் ஒரு காலை வைப்பார்கள், மிச்சம் பெட்டியில் ஜோடியாகவே இருக்கும். எங்கள் வீட்டு ஆட்களுக்கு எதிலும் நிதானம் கிடையாது. எடுத்தால் ஒரேயடி.

மேலே இடது கால்களுக்குக் காவல் மூத்தவர், என் வீட்டுக்காரரின் அண்ணன். அவருக்கு முகத்தில் சிரிப்பு என்பதே முளைக்காது. அந்த முகத்தைக் கீழே வைத்தால் வருகிறவன் வாசலிலேயே திரும்பிவிடுவான் என்று மாமனார் அவரை மேலே ஏற்றிவிட்டார். என் வீட்டுக்காரருக்குத் துக்க வீட்டில்கூடச் சிரிப்புதான் முதலில் வரும். அவரைக் கீழே வைத்தார். நடுத்தட்டில் இவள்.

வந்தவர் வலது காலைப் போட்டுப் பார்ப்பார். பிடித்துவிட்டால் கீழேயிருந்து "எட்டு, கறுப்பு, ரெட்டை வார்" என்று ஒரு குரல் போகும். மூத்தவர் அதற்கான இடதை எடுத்து மேல்படியில் சறுக்கிவிடுவார். கீழேயிருந்து வலது போகும். இவள் இரண்டையும் மடியில் வைத்து, அடியோடு அடி சேர்த்துப் பார்த்து, வார் நீளம் ஒத்துப்போகிறதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நூல் போட்டுக் கட்டிக் கீழே அனுப்புவாள். கொஞ்சம் நிறம் மங்கியிருந்தாலும் மேலே திருப்பி எறிவாள். "உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? செருப்பு!" என்று ஒரு சத்தம் வரும். கீழே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அவள் எப்படி நடுத்தட்டுக்கு வந்தாள் என்பது என் வீட்டுக்காரர் சொல்லி எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன்காரன் ஒருநாள் தெருவில் வைத்துக் கையை ஓங்கியிருக்கிறான். இவள் காலில் இருந்ததைக் கழற்றினாள். ஒரே அடி. மறு அடிக்குக் கை ஓங்கும்போது ஆள் ஓட்டம் பிடித்தான். இவள் விட்டெறிந்தாள். அப்படியே அங்கிருந்து நடந்து, பஸ் ஏறி, பிறந்த வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். மாமனார் தொழில்காரர் அல்லவா, மகளின் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்த்தார். வலது காலில் மட்டும் இருக்கிறது.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"அவன் மூஞ்சியில."

மாமனார் வேறு எதுவும் கேட்கவில்லையாம். மாடியைப் பார்த்து, "ஏழாம் நம்பர், பழுப்பு, இடது ஒண்ணு போடுடா" என்று குரல் கொடுத்தார். வந்ததை அவளே வாங்கி, தன் வலது காலோடு சேர்த்துப் பார்த்து, "நிறம் ஒக்கல. வேற போடச் சொல்லுங்க" என்றாளாம். அப்படியே நடுத்தட்டில் உட்கார்ந்தவள்தான். இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அவள் மேல் ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. மறுநாளே அவள் என் சமையலைப் பற்றி வாய் திறந்தாள், இரக்கம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

அந்த ஒரு வார்த்தையை அவள் பயன்படுத்தும் விதத்தைப் பழகிக்கொள்ள எனக்கு வருஷங்கள் ஆயின. "செருப்பு பிஞ்சிரும்" என்றால் கோபமில்லை, ஜாக்கிரதை என்று அர்த்தம். சேல்ஸ்மேன் நம்பரை மாற்றிக் கொடுத்தால் சொல்வாள். வெறுமனே "செருப்பு" என்று இழுத்தால் முடியாது, போடா என்று பொருள். கணக்கில் தானே தப்புச் செய்துவிட்டால் "என்னையச் செருப்பாலயே அடிச்சுக்கணும்" என்பாள், குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். கட்டிக்கொண்ட ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால், "என் செருப்புக்குச் சமானம் ஆவானா அவன்? இடது காலுக்குக்கூட ஆவ மாட்டான்" என்பாள். மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தணியும். "எங்க அப்பாவுக்கு நான் காலுக்குச் செருப்பாக் கெடந்தேன்" என்பாள். எவராவது கடைசியில் நறுக்கென்று பதில் சொல்லி எதிராளியின் வாயை அடைத்துவிட்டால், "அது செருப்படி" என்று தொடையில் தட்டிக்கொள்வாள். "செருப்பை மாட்டு" என்றால் கிளம்பு, இங்கே உனக்கு வேலையில்லை. இத்தனை செருப்பிலும் உண்மையான கோபம் எதில் என்று கேட்டால், எதிலும் இல்லை. அவளுக்கு மெய்யாகவே கோபம் வந்தால் அந்த வார்த்தை வராது. வாயை மூடிக்கொள்வாள். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மாமனார் போய்ச் சேர்ந்தார். அவரும் மகளும் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். அவளை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஆறு மாசம் மூத்தவர் வீடு, ஆறு மாசம் எங்கள் வீடு என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள். அவளிடம் கேட்கவில்லை. முதல் ஆறு மாசம் எங்கள் வீடு என்று என்னிடமும் யாரும் கேட்கவில்லை. ஒரு தகரப்பெட்டியோடும் ஒரு தலையணையோடும் வந்து இறங்கினாள்.

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க நாலு தட்டு ஸ்டாண்டு. நாலு தட்டும் நிறைந்து வழிந்தது. செருப்புக்கடைக்காரன் வீட்டில் வேறு எப்படி இருக்கும்? அவள் ஜோடியை எடுத்து வெளியே, தொடப்பம் சாத்தி வைக்கும் மூலையில் வைத்தேன். சாரல்கூட அடிக்காத இடம்தான். மறுநாள் கடைக்குக் கிளம்பியவள் ஸ்டாண்டைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எப்படியும் ஒரு செருப்பு வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. போய் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். இடமில்லாத ஸ்டாண்டில் நான் என்ன செய்ய முடியும் என்று அன்று முழுக்க என் வீட்டுக்காரரிடம் நியாயம் பேசினேன். அவர் சிரித்தார். அவருக்கு அதுதானே தெரியும்.

பெரியவர் தலை மறைந்ததும் அண்ணன் தம்பி சண்டை வெளியே வந்தது. மூத்தவர் ஆரம்பித்தார். "என்னைய மேல தூசியில தூக்கிப் போட்டுட்டு, இவன் கீழ ராஜா மாதிரி உக்காந்து ஊரெல்லாம் முதலாளின்னு பேர் வாங்கிட்டான். இந்தத் தெருவுல என் மூஞ்சி எவனுக்காவது தெரியுமா?" என் வீட்டுக்காரர், "உன் மூஞ்சி தெரியாததாலதான் கடை இத்தன வருசம் ஓடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் மூத்தவருக்கு ஏறிவிட்டது. இனி ஒரே கூரைக்குக் கீழே முடியாது, பிரித்துவிடுங்கள் என்று தாய்மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

தாய்மாமா வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேச்சு நடந்தது. மனிதருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். "ரொம்ப இழுக்க வேணாம். மேல இருக்கிறதெல்லாம் பெரியவனுக்கு. கீழ இருக்கிறதெல்லாம் சின்னவனுக்கு. ஒரு துரும்புகூட மாறக் கூடாது. சம்மதமா?" என்றார். மூத்தவர் சட்டென்று தலையாட்டினார். குடோன் கூரை வரை சரக்கு. தம்பியை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. என் வீட்டுக்காரர் அதைவிட வேகமாகத் தலையாட்டினார். தெருவைப் பார்த்த கடை, கல்லா, கண்ணாடி, பெயர்ப்பலகை. அண்ணனை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"தங்கச்சிக்கு?" என்று தாய்மாமா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"அவளுக்கு என்ன? ரெண்டு வீடு இருக்கு. சோறு போட மாட்டமா?" என்றார் மூத்தவர்.

"அக்காவ நாங்க பாத்துக்குவோம் மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் நடுத்தட்டில் முக்காலியில் உட்கார்ந்து பழைய நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பேசியது அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. ஒரு செருப்பும் வரவில்லை. அதை நான் அன்றைக்கே கவனித்தேன். ஆனால் எனக்கு வேறு வேலை இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் புது நாற்காலி போடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் ஆள் வந்தார். பருத்த மனிதர், நல்ல கட்டை விரல். கறுப்பில் ரெட்டை வார் எட்டாம் நம்பர் வலது காலில் கச்சிதமாக உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "எட்டு, கறுப்பு, ரெட்டை வார்" என்று குரல் கொடுத்தார். மேலே சத்தமில்லை. மறுபடியும் கொடுத்தார்.

"எதுக்கு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எதுக்கா? இடது வேணும்ணே."

"மேல இருக்கிறதெல்லாம் யாருக்குன்னு நேத்து எழுதுனோம்?"

என் வீட்டுக்காரரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. நான் கல்லாவில் இருந்து எழுந்தேன். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் மண்டையில் ஏறியது. கீழே உள்ள சரக்கு முழுக்க வலது. மேலே உள்ள சரக்கு முழுக்க இடது. அதைப் பிரித்து எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வாழ்நாள் முழுக்க இந்தக் கடையில் கிடந்தவர்கள், ஒருத்தருக்குக்கூட நேற்று அது தோன்றவில்லை.

"ஏங்க, எனக்கு இன்னொரு காலும் இருக்குங்க" என்றார் வந்தவர்.

"அந்தக் காலு மேல இருக்கு. கீழ நிக்கிறவன வந்து கேக்கச் சொல்லுங்க, தர்றேனான்னு பாப்போம்" என்று மூத்தவர் படிக்குமேல் நின்று கத்தினார். "என் சரக்குடா. வந்து என் கால்ல விழு, யோசிக்கிறேன்."

"உன் இடதை நீயே ரெண்டு கால்லயும் மாட்டிக்கிட்டு ஆடு" என்றார் என் வீட்டுக்காரர். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வந்தவர் வலதைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் பழசைத் தேடிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூத்தவர் குடோனுக்கு வெளிப்பக்கமாக இரும்புப்படி வைக்க ஆள் கூட்டிவந்தார். "தூணு நடுற தரை என்னுது. ஒரு கடப்பாரை பட்டா நடக்கிறதே வேற" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். என் வீட்டுக்காரர் சரக்கு அனுப்புகிற கம்பெனிக்குப் போன் போட்டு இடது கால் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. சேல்ஸ்மேன்களில் ஒருத்தன் வேறு கடைக்குப் போய்விட்டான். மூத்தவரின் மனைவி, என் ஓரகத்தி, தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் சும்மா இல்லை. அவளுக்கு முந்தியே திருப்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் என் நாத்தனார் தினமும் வந்து நடுத்தட்டில் உட்கார்ந்தாள். செய்ய வேலை இல்லை. மேலே இருந்து எதுவும் வராது, கீழே இருந்து எதுவும் போகாது. அப்படியும் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அவள் இருக்கும் நேரம் குறையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் மூத்தவர் கீழே குனிந்து அவளிடம் குசுகுசுத்தார். "ஏய், அவன் சாப்பிடப் போற நேரம் பாத்துக் கொஞ்சம் வலதை எடுத்து மேல தள்ளேன். என் வீட்டுல உனக்குத் தனி ரூம் தர்றேன்." அதே நாள் என் வீட்டுக்காரரும் படியில் பாதி ஏறி, "அக்கா, அண்ணன் தூங்குறப்ப கொஞ்சம் இடதை எடுத்துக் குடுத்துரு. உன்னைக் கடைசி வரைக்கும் என் வீட்டுலயே வச்சிக்கிறேன்" என்றார். என்னைக் கேட்காமல் சொன்னார் பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"செருப்பு" என்றாள் இருவருக்கும். நீளமாக இழுத்தாள்.

கடை அப்படியே கிடந்தால் எல்லோர் அடுப்பும் அணைந்துவிடும் என்று ஆனபோது தாய்மாமா மறுபடியும் வந்தார். இந்த முறை அவசரம் இல்லை, முகத்தில் எரிச்சல்தான். மூத்தவரைக் கீழே வரச் சொன்னார். மூத்தவர் படியில் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் படிக்குக் கீழே நின்றார். ஜோடி சேர்த்து விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தாய்மாமா. சரக்கு விஷயத்தில் இருவரும் முனகிக்கொண்டே இறங்கி வந்தார்கள். வயிறு காய்ந்தால் வீறாப்பு எத்தனை நாள் நிற்கும்? ஆனால் படியில் வந்து மறுபடி முட்டிக்கொண்டார்கள்.

"சரக்கைக் கலக்கலாம். ஆனா படி என்னுது. அது மேல போற வழி. இவன் ஆளுங்க என்னைக் கேட்டுட்டுதான் கால் வைக்கணும்" என்றார் மூத்தவர்.

"படி நிக்கிறது என் தரையில. நீ எறங்கணும்னா என்னைக் கேட்டுட்டு எறங்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவனுக்குப் படியக் குடுத்தா நான் இன்னைக்கே மேல இருக்கிற மொத்தத்தையும் கொளுத்திருவேன்."

"கொளுத்து. ஒரு கால் செருப்ப எரிச்சவன்னு பேராவது நிலைக்கும்."

மாமனார் கேட்டிருந்தால் அந்த வார்த்தைக்கே கடையைக் கழுவிவிட்டிருப்பார். தாய்மாமா தலையில் கை வைத்துக்கொண்டு கல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், என் நாற்காலி.

அப்போதுதான் அவள் நடுத்தட்டிலிருந்து பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா. இந்தப் படி மேல இருக்கா, கீழ இருக்கா?"

தாய்மாமா நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டுலயும் இல்லம்மா. நடுவுல இருக்கு."

"இந்த நடுத்தட்டு? அப்பா படுத்த ரூமு?"

"அதுவும் நடுவுலதான்."

"அப்ப அன்னைக்கு நீங்க பிரிச்சதுல இது வரல. ரெண்டு பேருக்கும் இல்ல. எனக்கும் அன்னைக்கு எதுவும் வரல." முக்காலியை விட்டு எழுந்தாள். "ஆறு மாசம் இவன் வாசல்லயும் ஆறு மாசம் அவன் வாசல்லயும் என் செருப்பு கெடக்க வேணாம் மாமா. எனக்குன்னு ஒரு வாசல் வேணும். இதை எனக்கு எழுதுங்க."

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். அவர்கள் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். என் மனசிலும் அதுதான் ஓடியது. ஓரகத்திக்குப் போவதைவிட இவளுக்குப் போய்த் தொலையட்டும்.

"அவனுக்குப் போறதுக்கு இவளுக்கே போகட்டும்" என்றார் மூத்தவர்.

"அண்ணன் கையில குடுக்காம இருந்தாச் சரி" என்றார் என் வீட்டுக்காரர்.

தங்கைக்கு, அக்காவுக்கு என்று பாசத்தில் கொடுத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருத்தன் மேல் ஒருத்தனுக்கு இருந்த காய்ச்சலில் கொடுத்தார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நம்பிக்கையோடு கேட்டது அதை வைத்துத்தான். தாய்மாமா அங்கேயே எழுதினார். ஜோடி சேர்ப்பது அவள், விற்பதில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு என்று அவளே வாய்விட்டுச் சொல்லிச் சேர்க்க வைத்தாள். இருவரும் அதற்கும் தலையாட்டினார்கள். எழுதி முடித்ததும் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். என்ன சொல்லித் தட்டினாள் என்று வெளியே கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டிலிருந்து தகரப்பெட்டியையும் தலையணையையும் எடுத்துக்கொண்டாள். "சாப்பிட்டுப் போலாம் அண்ணி" என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். மூலையில் இருந்த தன் ஜோடியை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் கடை திறந்தபோது படி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. நடுத்தட்டில் பாய் விரித்திருந்தது. மாமனார் படுத்த அறைக்கு ஒரு பழைய புடவையில் திரை. மூத்தவர் வழக்கம்போலச் தடதடவென்று படியில் கால் வைத்தார்.

"கழட்டு" என்றாள் நடுத்தட்டிலிருந்து.

"என்னது?"

"செருப்பக் கழட்டிட்டு ஏறு."

"ஏய், இது கடைடி. செருப்புக்கடைக்குள்ள செருப்பக் கழட்டச் சொல்ற மொத ஆளு நீதான்."

"கடை கீழ இருக்கு. குடோன் மேல இருக்கு. இது என் வீடு. எங்க வீட்டுக்குள்ள செருப்புக்காலோட எவனும் வரக் கூடாது."

மூத்தவர் கீழே நின்று பல்லைக் கடித்தார். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து, பல நாள் கழித்து, வாய்விட்டுச் சிரித்தார். மூத்தவர் கழற்றினார். கழற்றியதைக் கீழே விட்டால் தம்பி வீதியில் எறிந்துவிடுவான் என்று பயம். கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அவளைத் தாண்டி மேலே போனார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் போகிறார், வருகிறார். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் எதற்கோ படியேறப் போனார். "நீயும்தான்" என்றாள். அவர் சிரிப்பு முடிந்தது.

கடை மறுபடியும் ஓடத் தொடங்கியது. அந்தப் பருத்த மனிதர் திரும்பி வந்தார். வலது காலைப் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவ ரெண்டு காலும் கிடைக்குமா?" என்று கேட்டார். குரல் மேலே போனது. இடது இறங்கியது. கூட்டம் அதிகமாக இருந்ததால் ஜோடியை வாங்க நானே படிக்குப் போக வேண்டியிருந்தது. படிக்குக் கீழே நின்று என் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன்.

"அங்க இல்ல" என்றாள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்; என்னைப் பார்க்கவில்லை. "அந்த மூலையில வை. தொடப்பம் இருக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல."

கடை முழுக்க ஆட்கள். என் முகம் சூடாகிவிட்டது. ஸ்டாண்டில் இடமில்லாததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தொண்டை வரை வந்தது. குனிந்து எடுத்துக்கொண்டுபோய்த் தொடப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெறுங்காலோடு படியேறினேன். கழுவிய மரம் காலுக்குச் சில்லென்று இருந்தது. ஆத்திரம் தாங்காமல், அவளிடமிருந்தே கற்றுக்கொண்ட அந்த ஒற்றை வார்த்தையை உதட்டுக்குள்ளேயே ஒருமுறை சொன்னேன்.

அவளுக்குப் பாம்புச் செவி. கை நின்றது.

"அது எந்தச் செருப்புடி?" என்றாள்.

நான் ஜோடிக்குக் கையை நீட்டினேன். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எட்டாம் நம்பர் கறுப்பை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, முடிச்சை இறுக்கி என் கையில் கொடுத்தாள். இன்றைக்கும் என் செருப்பை நான் அந்த மூலையில்தான் வைக்கிறேன்.